கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

இது நடந்தது. உங்கள் காதில் பூச்சுற்றி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை என்னிடம் சொன்னவளும் பேய், பிசாசு என்று நடுங்குகிற ஆள் கிடையாது. அணைத்துவைத்த ரேடியோ தானாகப் பாடினாலும், "எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்" என்று ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறவள் அவள்.

பேய்க் கதை என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாறத்தான் வேண்டும். இது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது. வெளியே நல்ல வெயில். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்தபோது மணி இரண்டு பத்து. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அவளுடைய பழக்கம். எந்த வேலையைத் தொட்டாலும் சீட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் தொடுவாள். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.

தெருவில் அவளை ரிப்பேர் அக்கா என்பார்கள். ஸ்பீக்கர், மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்ப்பாள். கடை சின்னது, நீட்டிப் படுத்தால் கால் இடிக்கும். வயது நாற்பது. அவளுக்கு ஒரே ஒரு அண்ணன் இருந்தான், கிதார் வாசிப்பவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் மேடையில் வாசிக்கும்போது கரண்ட் அடித்துப் போய்விட்டான். இடது கை கம்பி மேல் இருந்தது. பாடுவதற்காக வாயை மைக்கிடம் கொண்டுபோனான். அவ்வளவுதான்.

மழை ஈரம், ஹால் வயரிங் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். உண்மை அவளுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அண்ணனுடைய கிதாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆம்ப்பில் மாட்டிவிட்டுச் சும்மா வைத்தால் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். கம்பி மேல் மனிதக் கை பட்டால் இரைச்சல் அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடி உம்ம்ம். இதில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய மாடல் கிதார்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. ஆனால் கை வேண்டும். கை படாமல் அடங்காது.

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் இதையே ஒரு பாஷையாக வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் நடு அறையில் தூங்குவார். வீட்டில் யாராவது இருமினாலும் பிரச்சினைதான். முன் அறையில் அவள் ஆம்ப்பைத் திறந்துவைத்து நோண்டுவாள். நீளமான கேபிள் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போகும். பின் அறையில் அண்ணன் கிதாரோடு இருப்பான். கத்திப் பேச முடியாது. சன்னமாக வைத்த இரைச்சல் மட்டும் ஃபேன் சத்தத்தில் கரைந்துவிடும், அப்பா எழுந்திருக்க மாட்டார். அதனால் இரைச்சல் ஒரு தடவை நின்று வந்தால், "இன்னும் இல்ல." இரண்டு தடவை நின்று வந்தால், "ஆயிடுச்சு." ஆள் முகம் தெரியாமலே மணிக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறார்கள்.

அண்ணன் இடக்கைக்காரன். ஈயத்தை உருக்கி வயர் ஒட்டுகிற சால்டரிங் அயர்னின் ஸ்டாண்டைத் தூக்கி மேசையின் இடது பக்கம் வைத்துவிடுவான், அவள் வலது பக்கம் வைப்பாள். இதற்காகவே தினமும் சண்டை. சுவரில் ஒரு அட்டை தொங்கும். செய்ய வேண்டிய வேலைகளை அவள் எழுதுவாள். முடிந்த வேலையின் மேல் அவன் கோடு போட்டு அடிப்பான். இழுத்த கோட்டின் மேலேயே இடது கை போவதால் மை தீற்றிவிடும். அட்டை முழுக்க ஒரே அழுக்கு. "கை வேலையா கால் வேலையா?" என்று அவள் கேலி செய்வாள்.

இப்போது அந்த உண்மை.

கடைசிக் கச்சேரிக்கு ஒன்பது நாள் முன்னால் அண்ணன் வீட்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்தான். ஆம்ப்பை ரெக்கார்டரோடு சேர்த்ததும் வேறு மாதிரி ஒரு பெரிய இரைச்சல். கை வைத்தும் நிற்கவில்லை. அவள் ஆம்ப்பைத் திறந்து எர்த் வயரை வெட்டிவிட்டாள். இரைச்சல் உடனே போய்விட்டது. செய்யக் கூடாத வேலை என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதும் உண்டு. உடம்பைக் காப்பாற்றுகிற வயர் அது ஒன்றுதான். வெட்டிய முனையில் மஞ்சள் ஸ்லீவ் ஒன்றை மாட்டினாள். ஸ்லீவ் என்றால் வயருக்கு மேல் போடுகிற சின்ன பிளாஸ்டிக் குழாய். மறந்துவிடக் கூடாது என்று அதன் மேல் கறுப்பு மார்க்கரால் 'சேர்க்கணும்' என்று எழுதியும் வைத்தாள்.

மறந்துவிட்டாள்.

கச்சேரிக்கு முந்தின நாள் அண்ணன் வந்து, "ஆம்ப்ப ஒருதரம் பாத்துட்டியா?" என்று கேட்டான். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் பாத்தாச்சு, எடுத்துட்டுப் போ" என்றாள்.

அவள் பார்க்கவில்லை.

பதினொரு வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதும் இல்லை. அண்ணன் மகளை எல்லோரும் குட்டி என்பார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு அலைவது, காய்ச்சலுக்கு ஓடுவது எல்லாம் அத்தைதான். அண்ணி, "ஏன் இப்படி உயிரைக் குடுக்கிற?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த வியாழக்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால் அண்ணி ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கிதார் பெட்டியும் ஆம்ப்பும் கூட வந்தன.

"குட்டி கிதார் கத்துக்கறா. அவளும் இடக்கை. இடக்கைக் கிதார் எந்தக் கடையிலும் இல்ல. மூணு வாரம் கழிச்சு சனிக்கிழம ஸ்கூல்ல வாசிக்கணுமாம். க்ளீன் பண்ணிக் குடு."

"சரி அண்ணி."

"ஆம்ப்ப நீதான் திறக்கணும். வேற யார்கிட்டயும் குடுக்காத."

"நான் யார்கிட்ட குடுக்கப் போறேன்?"

அண்ணி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஆட்டோக்காரர் அவசரப்படுத்தவே போய்விட்டாள். ஆம்ப்பின் பின் பலகைக்குக் குறுக்கே ஒரு காகித முத்திரை ஒட்டியிருந்தது. விசாரணை அதிகாரிகள் ஒட்டியது. இரண்டு கையெழுத்து, ஒரு எண், பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை.

உள்ளே அந்த மஞ்சள் ஸ்லீவ் இருக்கும். அவள் எழுத்து இருக்கும். திறந்தால் அதைப் பார்க்க வேண்டும். ஆம்ப்பை ஷெல்ப்பில் ஏற்றி ஒரு துணியைப் போர்த்தினாள். மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் சனிக்கிழமை யாருக்காகவும் நிற்காதே. வியாழக்கிழமை காலை கிதார் பெட்டியைத் திறந்தாள். துருவும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாசனை வந்தது. கம்பிகள் பழுப்பேறி, தொட்டால் விரலில் பொடி உதிர்ந்தது. ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினாள். கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகளின் ஓரத்தில் அழுக்கு அப்பியிருந்தது. அண்ணன் விரல் அழுக்கு. அதைத் துடைப்பதற்கு முன்னால் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒலியைப் பிடிக்கும் காந்தங்கள் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, நைசான ஸ்டீல் கம்பளியால் பிரெட்டுகளைத் தேய்த்தாள். மரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய். கேபிள் மாட்டும் துளையில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டினாள். இடக்கைக்கு ஏற்ற வரிசையில் புதுக் கம்பி மாட்டினாள்.

சீட்டில் எழுதினாள். 2.10. டெஸ்ட்.

அண்ணன் ஆம்ப்பில் இல்லை. கடையில் வைத்திருக்கும் சின்ன ஆம்ப்பில். கேபிளைச் செருகினாள். உம்ம்ம். வால்யூம் குமிழைத் திருப்பினாள். கரகரவென்று மணலை அரைப்பது போல் சத்தம். வருஷக்கணக்கில் திருப்பாத குமிழ் அப்படித்தான் கத்தும். கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, இப்படியும் அப்படியுமாக இருபது தடவை திருப்பினாள். கரகரப்பு போய்விட்டது. கிதாரை மேசையில் படுக்கவைத்துவிட்டு, கை துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினாள்.

2.17. இரைச்சல் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கிதார் அப்படியே படுத்திருந்தது. கம்பி மேல் எதுவும் இல்லை. ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று நொடி. நான்கு நொடி.

உம்ம்ம்...

"லூஸ் கனெக்‌ஷன்" என்று சத்தமாகச் சொன்னாள். கேபிளை ஆட்டினாள். வேறு கேபிள் மாற்றினாள். ஒன்றும் இல்லை, எல்லாம் கெட்டியாக இருந்தது. வேர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அயர்ன் ஸ்டாண்டைப் பார்த்தாள். மேசையின் இடது பக்கம் இருந்தது.

நான்தான் தள்ளிவைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வலது பக்கம் எடுத்து வைத்தாள். பிளக்கைப் பார்த்தாள். பிடுங்கித்தான் கிடந்தது. காலையிலிருந்து அயர்னுக்கு வேலையே இல்லை.

கொஞ்சம் மனித முகம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. 2.35-க்குக் கடையைப் பூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். ஆம்ப்பை அணைக்கவில்லை. இரைச்சல் மறுபடி நிற்கிறதா என்று பார்க்கத்தான் விட்டுவைத்தாள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். உம்ம்ம் என்று இங்கேயும் கேட்டது.

ஜெராக்ஸ்காரர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துக் கடைக்காரர். இந்த இரைச்சலைப் பற்றி அவளைவிட அதிகமாகப் புலம்பியிருக்கிறார்.

"காலைலேர்ந்து சாப்பிடலயா? மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல."

"அந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணுங்கக்கா. கஸ்டமர் எல்லாம் என் மெஷின்தான் சாகக் கெடக்குன்னு நினைக்கிறாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

இரைச்சல் நின்றது.

ஜெராக்ஸ்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "அப்பாடா. யாரோ கை வச்சுட்டாங்க."

சொல்லிவிட்டுத்தான் அவளைப் பார்த்தார். அவள் அவர் கடையில் நிற்கிறாள். சாவி அவள் கையில் இருக்கிறது.

ஜெராக்ஸ்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

உம்ம்ம்...

"கடைல யாரு?" என்றார்.

"யாரும் இல்ல."

ஒரு தடவை. அவள் மனசுக்குள் எண்ணினாள். முன்பும் ஒரு தடவைதான். அந்தப் பாஷை பதினொரு வருஷம் கழித்து ஞாபகம் வந்தது. இன்னும் இல்ல.

என்ன இன்னும் இல்ல...?

2.46. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள்.

குங்கிலிய வாசனை. புதிதாக ஈயம் உருகினால் வருகிற புகை வாசனை.

அயர்ன் ஸ்டாண்ட் இடது பக்கம்.

பிளக் தரையில் கிடந்தது.

அயர்னின் முனையை ஈர ஸ்பாஞ்சில் லேசாகத் தொட்டாள்.

ஸ்ஸ்ஸ்...

கையிலிருந்து நழுவி விழப் பார்த்தது. பிடித்து ஸ்டாண்டில் வைத்தாள். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் அவள் பயந்தால் சுத்தம் செய்கிற ரகம். சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள், இவள் பிரஷ்ஷை எடுப்பாள். சீட்டில் எழுதினாள். 2.50. மேசை சுத்தம். பழைய கம்பிகள், துருப்பொடி, டேப் துண்டு எல்லாவற்றையும் கூட்டிக் குப்பைக் கூடையில் தள்ளினாள். நடுவில் மஞ்சளாக ஏதோ ஒரு துண்டு கிடந்தது. அவள் கடையில் மஞ்சள் ஸ்லீவ் வாங்குவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது. எந்த யுகத்துக் குப்பையோ என்று அதையும் சேர்த்துத் தள்ளினாள். நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

பிறகு ஷெல்ப்பிலிருந்து அண்ணன் ஆம்ப்பை இறக்கினாள். அவன் கேட்பது இதைத்தான் என்று தோன்றிவிட்டது. இனி ஒளிந்து பயனில்லை.

3.25. முத்திரையைப் பிளேடால் கீறினாள். அது அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருந்தது, கிழித்துக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. துண்டுகளைக் கூடையில் போட்டாள். எட்டு ஸ்குரூ. எட்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருகினாள். பலகையை விலக்கினாள். உள்ளே தூசி போர்வை மாதிரி படிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தாள்.

எர்த் வயர் சேர்ந்திருந்தது.

வெட்டு இல்லை. ஸ்லீவ் இல்லை. வயர் இடது சுற்றாக இரண்டு தடவை சுற்றி, மேலே ஈயம் ஒரு உருண்டையாக வழிந்திருந்தது. அவள் வலது சுற்றாகச் சுற்றுவாள், ஈயம் அளவாக வைப்பாள். இப்படி மென்று துப்பிய சூயிங் கம் மாதிரி வைப்பது உலகத்திலேயே ஒரே ஆள்தான்.

"அண்ணா... நீயே சேத்துட்டியா?"

மேசை மேல் தலையைச் சாய்த்து அழுதாள். என்னை நம்பாமல் நீயே பார்த்துக்கொண்டாயா, ரொம்ப நல்லது என்று அழுதாள். நான் கொல்லவில்லை, ஹால் வயரிங்தான், மழைதான் என்று அழுதாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது. அண்ணன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருந்தாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஈயம் பளபளத்தது. பதினொரு வருஷத்து ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அதன் மேல் தூசியும் இருக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்தாள். பார்க்காதது போல் இருந்துவிட்டாள்.

தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். பல்பு மாதிரி இருக்கும் வால்வுகளைக் கழற்றி, அவற்றின் ஊசிக் கால்களைத் துடைத்து, திரும்பச் செருகினாள். கண்டன்சர்களைப் பார்த்தாள், ஒன்றும் ஊதியிருக்கவில்லை. இத்தனை வருஷம் தூங்கிய ஆம்ப்புக்கு ஒரேயடியாகக் கரண்ட் கொடுக்கக் கூடாது, வெடித்துவிடும். குறுக்கே ஒரு பல்பை மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து, மெல்ல மங்கியது. நல்ல அறிகுறி. வால்வுகளுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. 4.50-க்குக் கிதாரை மாட்டினாள்.

உம்ம்ம்.

கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பயம் போய்விட்டிருந்தது. காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

5.04. நின்றது. வந்தது.

ஒரு தடவைதான்.

"இன்னும் என்ன அண்ணா?" என்றாள். "எல்லாம் சரியாத்தானே இருக்கு."

இரைச்சல் அதன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

5.20-க்கு அண்ணி வந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர். உட்காரவில்லை. திறந்து கிடந்த ஆம்ப்பைப் பார்த்தாள். அவள் அழுது வீங்கிய முகத்தையும் பார்த்தாள்.

"திறந்துட்ட."

"ம்."

"சேத்துட்டியா?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னத்த அண்ணி?"

"எர்த் வயர. உன் கையாலயே சேக்கணும்னுதான் இங்க அனுப்பினேன். இல்லேன்னா வேற கடையில குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் எழுந்துவிட்டாள். "உங்களுக்கு... எப்படி..."

"அன்னிக்கே தெரியும். ஆபிசர் போட்டோ காட்டினார். இது யார் எழுத்துன்னு கேட்டார். தெரியாதுன்னுட்டேன்."

"அண்ணி..."

"மொதல் மூணு வருஷம் உன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. குட்டிய நீ தூக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கணும் போல இருக்கும். உன்ன ஜெயில்ல போட்டா அவளுக்கு அத்தையும் இல்லாமப் போயிடும். அதனால வாயக் கட்டிக்கிட்டேன். அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

அண்ணி இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆனா அண்ணி, இதுல வெட்டே இல்ல. நான் இன்னிக்குத்தான் திறந்தேன், சேந்துதான் இருந்துச்சு. அண்ணன்தான் கச்சேரிக்கு முன்னாலயே சேத்திருக்கான். பாருங்க, அவன் சுத்து. இடது சுத்து. நான் தொடவே இல்ல."

அண்ணி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பழுப்புக் கவரிலிருந்து, அதிகாரிகள் ஆம்ப்போடு திருப்பிக் கொடுத்த ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதே ஆம்ப். அதே இடம். வெட்டிய வயர். முனையில் மஞ்சள் ஸ்லீவ். அதன் மேல் அவள் கையெழுத்தில், 'சேர்க்கணும்.'

கீழே ஒரு வரி: மேற்கண்ட நிலையில் மூடி முத்திரையிடப்பட்டது. ஒரு எண். ரிப்பேர் அக்கா குப்பைக் கூடையிலிருந்து முத்திரைத் துண்டுகள் சிலவற்றை எடுத்து, சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

அதே எண்.

"யாரு சேத்தது?" என்றாள் அண்ணி. முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

வெளியே ஒரு பைக் போனது. இரைச்சல் இரைந்துகொண்டிருந்தது. அவன் சேர்த்துக் கொடுத்துவிட்டான். அவள் செய்யாததை அவன் செய்துவிட்டான். அப்புறமும் இன்னும் இல்ல என்கிறான் என்றால், பாக்கி இருப்பது ஆம்ப்புக்குள் இல்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, போட்டோல இல்லாத ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"முந்தின நாள் அண்ணன் என்கிட்ட கேட்டான். ஆம்ப்பப் பாத்துட்டியான்னு. நான் பாக்கல. பாக்காமலே பாத்தாச்சுன்னு சொன்னேன். அவன் நம்பி எடுத்துட்டுப் போனான். மறந்தது தப்பு. ஆனா மறந்ததுனால மட்டும் போகல அண்ணி. நான் பொய் சொன்னதுனாலதான் போனான்."

அண்ணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் இவள் பக்கத்தில் நின்றாள்.

5.41.

இரைச்சல் நின்றது.

வந்தது.

நின்றது.

வந்தது.

அண்ணி கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். "ஏன் விட்டு விட்டு நிக்குது?"

"ஆயிடுச்சுங்கிறான்" என்றாள் அவள்.

அண்ணி அவள் கையைப் பிடித்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை குட்டி மேடை ஏறியபோது, ஆம்ப்பின் பிளக்கை அத்தைதான் மாட்ட வேண்டும் என்று சொன்னது அண்ணிதான்.

அதற்குப் பிறகு இரைச்சல் தானாக நிற்கவே இல்லை. அவள் எத்தனையோ மத்தியானம் கேபிளைச் செருகி, கிதாரைத் தொடாமல் காத்திருந்து பார்த்துவிட்டாள். குட்டியின் கை பட்டால் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. மற்ற எல்லாக் கிதாரையும் போல. அண்ணன் இரண்டாவது தடவையாகவும் போய்விட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை 9.40. குப்பைக் கூடையைக் கொட்டினாள். மேலே முத்திரைக் காகிதத் துண்டுகள். அவை 3.25-க்குப் போட்டவை. அவற்றுக்குக் கீழே பழைய கம்பிகள், துருப்பொடி. அவை 2.50-க்குக் கூட்டியவை. அவற்றுக்கு நடுவில் அந்த மஞ்சள் துண்டு.

எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

ஸ்லீவ். அவள் கையெழுத்து. 'சேர்க்கணும்.'

ஆம்ப்பைத் திறப்பதற்கு முப்பத்தைந்து நிமிஷம் முன்னாலேயே அது மேசை மேல் கிடந்திருக்கிறது.

போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்து அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். போட்டோவில் இல்லாத ஒரு கோடு ஸ்லீவில் இருந்தது. அந்தச் சொல்லின் மேல் இடமிருந்து வலமாக இழுத்து அடித்திருந்தது. கோட்டின் மேலேயே கை போனது போல் மை தீற்றியிருந்தது.

கட்டைவிரலால் தடவினாள். மை விரலில் ஒட்டிக்கொண்டது.